மாத்திரை அட்டையில் செய்த பூ

தம்பி,

இதை நின்றுகொண்டு படிக்காதே. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்த முறுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்பறம் கூப்புடறேன்" என்பாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் எழுதி, நாளைக் காலை பஸ்ஸில் பெங்களூருக்கு வருகிற உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது அவளை முறைத்துப் பார்க்காதே. பாவம், அவள் ஏற்கனவே என்னிடம் வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். திட்டி முடித்த பிறகு நானும் அவளும் சேர்ந்து அழுதோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் கலரில் நான் செய்த ஒரு பூ இத்தனை வேலை செய்யும் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

நான் ரிட்டையர் ஆனதிலிருந்து என் கை சும்மா இருக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது உனக்குத் தெரிந்ததுதான். காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துப் பழகிய விரல். எதையாவது கிழிக்காமல், மடிக்காமல் இருந்தால் அதற்குப் பொழுது போகாது. போனில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நறுக்கிப் பூச்சாடி செய்வதைப் பார்த்த அன்று பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை. உன் அம்மாவின் கிழிந்த சேலைகளைப் பின்னி மிதியடி ஆக்கினேன். முட்டை வாங்கி வருகிற அட்டையைக் கத்தரித்துச் சாமந்திப்பூ செய்தேன். செய்தித்தாளைக் குழல் குழலாகச் சுருட்டி முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போட்டேன். உன் பழைய சிடிக்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து நறுக்கினால் சிதறாமல் வருகிறது. அந்தத் துண்டுகளை மண்பானையில் ஒட்டி வாசலில் வைத்திருக்கிறேன், வெயில் பட்டால் கண் கூசும். மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது என்பது வரை எனக்கு இப்போது அத்துப்படி. உன் அம்மாதான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: "எங்க வூட்டுக்குக் குப்பை வண்டி வர்றதே இல்லீங்க. வந்தாலும் இவரு போடறதுக்குப் பதிலா அதுலருந்து நாலு எடுத்துக்குவாரு."

பெண் வீட்டார் பென்னாகரத்திலிருந்து நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதியமான்கோட்டை ரோட்டுக் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் தோரணத்தை வாங்கி மாட்டினால் என் மானம் என்னாவது? உன் அம்மா அப்போது நல்லம்பள்ளியில் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலைதான் வருவாள். அவள் வருவதற்குள் வீட்டையே மாற்றிக் காட்டுகிறேன் பார் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, சாமான் தேடி அடுக்களைச் சிலாப்பின் மேல் ஏறினேன். பொங்கல் பானைக்குப் பின்னால், பழைய துணிக்கு அடியில் ஒரு அரிசிப் பை. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே முழுக்க மாத்திரை தீர்ந்த காலி அட்டைகள். பளபளவென்று, இரண்டு பக்கமும் வெள்ளித்தகடு. புதையல் கிடைத்தவன்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அம்மாவுக்குத்தான் சுகரும் பிரஷரும் இருக்கிறதே, நான் ஏதாவது செய்வேன் என்று எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள், வாயால் கேலி செய்தாலும் மனசுக்குள் என் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எழுத்து இருக்கிற பக்கத்தைப் பின்னால் தள்ளி, மாத்திரை இருந்த குமிழ்கள் முன்னால் வருகிற மாதிரி இதழ் இதழாக வெட்டி, நடுவில் அம்மாவின் அறுந்துபோன பாசிமணியில் ஒன்றை வைத்து நூலால் இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு பூவும் மெருகேற்றிய வெள்ளி நகை மாதிரி நின்றது. சரமாகக் கோத்து வாசலிலும் ஹால் ஜன்னலிலும் தொங்கவிட்டேன். உனக்குப் போட்டோ அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாய். உன் மாத்திரை அட்டையையே பார்த்துவிட்டு, பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் சூப்பர் என்று போட்டாயே, அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் உன் அம்மா கைப்பையோடு வாசலுக்கு வந்தாள். தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எப்படி இருக்கு?" என்று நான் இளித்துக்கொண்டு கேட்கிறேன், அவள் பையைக் கீழே போட்டுவிட்டு எம்பி எம்பிச் சரத்தைப் பிடித்து இழுக்கிறாள். "அய்யய்யோ, இதைக் கழட்டுங்க, மொதல்ல கழட்டுங்க" என்கிறாள். "உனக்கு என்னடி வந்துச்சு, ராவெல்லாம் கண்ணு முழிச்சுக் கட்டியிருக்கறேன்" என்று நான் கத்துகிறேன். அதற்குள் சந்து முனையில் கார் திரும்பிவிட்டது. கார் கதவு திறந்தால், பெண்ணும் இறங்குகிறாள். வீடு பார்க்க வருகிறபோது பெண்ணைக் கூட்டி வருவது நம் பக்கம் வழக்கமில்லை. உன் பெரியப்பா முகத்தைச் சுளித்தார். எனக்கோ ஒரே குஷி, என் கைவேலையை மருமகளே நேரில் பார்க்கப் போகிறாள் அல்லவா!

கௌசல்யா தர்மபுரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்குத்தான் படித்தாள் என்றும் தெரியும். ஆனால் அதையும் தோரணத்தையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்க, அவள் ஜன்னல் அருகில் நின்று ஒரு பூவைத் தொட்டாள். திருப்பினாள். பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, இதுல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். ஒன்று என்ன, ஒரு சரத்தையே கழற்றிக் கையில் கொடுத்தேன். செய்முறையும் சொன்னேன். அடுக்களை வாசலில் உன் அம்மா காப்பித் தட்டோடு நின்றது நின்றபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து, மருமகள் வருகிற சந்தோஷத்தில் கண் கலங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா?

அடுத்த நாள் கடையில் கூட்டம் குறைகிற மத்தியான நேரத்தில் அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அந்தப் பூ எந்த மாத்திரை அட்டையில செஞ்சதுங்க?"

"உங்க அத்தையோட சுகர் மாத்திரைம்மா."

"சுகர் மாத்திரை இல்லீங்க மாமா. இது வலிப்புக்குக் குடுக்கறது. இந்த அட்டைய நான் தெனமும் பாக்கறேன். வூட்டுல யாருக்குங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலிப்பா? நம் வீட்டிலா? ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தவன், தற்செயலாகத் திரும்பினேன். உன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் என்ன பேச்சு என்று கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் நீ வண்டி ஓட்டாதது, ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அம்மாவும் நீயும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசுவது எல்லாம் ஒன்றாக வந்து என் மண்டையில் இறங்கியது. அந்த நொடியில் என் வாய் தானாக, "எனக்குத்தாம்மா. எனக்குத்தான் அது. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டது.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லீங்க மாமா" என்றாள். "எங்க கடைக்குச் சில பேரு வந்து இதைப் பேப்பர்ல சுத்திக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போவாங்க. எதுக்குன்னே எனக்குப் புரியாது. ஒரு வேளை கூட விட்டுறாதீங்க. நல்லா இருக்குதுன்னு நீங்களா நிறுத்திப்புடாதீங்க. தூக்கம் கெடக்கூடாது. கெணத்துப் பக்கம், ஆத்துப் பக்கம் தனியாப் போவாதீங்க. வந்துச்சுன்னா கையில சாவி குடுக்கறது எல்லாம் வேண்டாம்னு அத்தைகிட்டச் சொல்லி வைங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாப் போதும்." பெற்ற மகள்கூட அவ்வளவு பதமாகச் சொல்லமாட்டாள். நோயே இல்லாதவன் உட்கார்ந்து உன் நோய்க்கான பரிவை வாங்கிக்கொண்டிருந்தேன். போனை வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், வீட்டுக்காரன் சட்டைப் பையில் இருந்த காலி அட்டையைக் கொண்டுவந்து, இது எதற்கு மாத்திரை என்று கேட்டாளாம். "சொன்னதும் கடைப் படியிலயே உக்காந்துடுச்சுங்க மாமா. நோயி வந்துருச்சேன்னு அழுவல. எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலையேன்னு அழுதுது. அதுக்கப்பறம் அது புருசன் வூட்டுக்குப் போவவே இல்ல." இதை ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் அம்மாவிடம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பெங்களூர் விடுதியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது நீ விழுந்ததையும், உன் சிநேகிதன் அவளுக்குப் போன் செய்ததையும், சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போனதையும் சொன்னாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் காலி அட்டையை நீ கொண்டுவந்து காட்ட வேண்டும், அப்போதுதான் அவளுக்கு நிம்மதி. காட்டிய அட்டையை எங்கே போடுவது? நம் தெருவில் குப்பையைக் கையால் பிரித்துத்தான் வாங்குகிறார்கள். "குப்பை வாங்கற புள்ள பென்னாகரத்துப் பக்கம்ங்க. யாருக்குச் சொந்தமோ, யாரு கண்டா? எரிச்சும் பாத்தேன், அந்த வெள்ளித்தகடு எரிய மாட்டேங்குது" என்றாள். சரி, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க வாயி பஸ் ஹாரன்ங்க. அழுத்துனா ஊருக்கே கேக்கும்" என்றாள். பெண் வீட்டுக்கு எப்போது சொல்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். "தாலி ஏறட்டும், அப்பறம் பதமா சொல்லிக்கலாம்னு இருந்தோம்" என்றாள். நோயைக் கேட்டதைவிட இதைக் கேட்டுத்தான் எனக்கு அதிர்ச்சி அதிகம். நீயுமா தம்பி அதற்குச் சம்மதித்தாய்?

போன கோடையில் ஒகேனக்கல்லுக்குப் போனோமே, நீ பரிசலில் ஏற மாட்டேன் என்று கரையிலேயே நின்றுவிட்டாய். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் நான் "பயந்தாங்கொள்ளிப் பய" என்று கிண்டல் செய்தேன். நீ மீன் வறுவல் கடைப் பக்கம் போய்விட்டாய். உன் அம்மா என்னை முறைத்தது இப்போதுதான் புரிகிறது. நல்லவேளை, நான் சொன்னதற்காக ரோஷப்பட்டு ஏறாமல் இருந்தாயே. என் பஸ்ஸிலும் ஒரு தடவை ஒருவருக்கு வலிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று நானும் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தேன். விழித்துக்கொண்டு சட்டையைச் சரி செய்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் போக வேண்டிய ஊர் இன்னும் வெகுதூரம் இருந்தது. இந்த ஒரு வாரமாக அவர் முகம் இருந்த இடத்தில் எனக்கு உன் முகம் தெரிகிறது.

உனக்கு நோய் வந்தது உன் குற்றம் இல்லை. எனக்கு முழங்கால் வலி வந்த மாதிரி உனக்கு அது வந்திருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாய், சம்பாதிக்கிறாய், சிரிக்கிறாய். அதில் எனக்குப் பெருமையே தவிர ஒரு சொட்டுக் குறையும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அவள் கழுத்தில் தாலி கட்டுவது என்பது வேறு காரியம். சொன்னால் வேண்டாம் என்று போய்விடுவாளோ என்று உனக்குப் பயம், தெரிகிறது. போகலாம். அவள் வீட்டுப் பெரியவர்கள் நிச்சயத்தையே நிறுத்தலாம். ஊர் பேசும், உன் பெரியப்பா முதல் ஆளாகப் பேசுவார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய் பஸ் ஹாரன்தானே, அதற்காவது உதவட்டும். என்னால் முடியாதது ஒன்றுதான். உனக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது. சொல்லப்போய்த்தானே ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, நீயே சொல்லியிருக்கக்கூடிய ஒரு நல்ல விஷயத்தைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பொய்யோடு இந்த வாரத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று கேள். தினமும் காலையில் பல் விளக்கிவிட்டு வந்தால் போனில் அவள் செய்தி காத்திருக்கும். "மாமா, மாத்திரை போட்டீங்களா?" போட்டேம்மா என்று பதில் அனுப்புவேன். ஒரு பூ படம் போடுவாள். மறுநாளும் கேட்பாள், நானும் அனுப்புவேன். உன் அம்மா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, மறுபடியும் போட்டேம்மா என்றே அனுப்பினேன். இது நீ சொல்ல வேண்டியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை, பாதி பயம்.

இன்று காலையும் செய்தி வந்தது. வழக்கமான கேள்விதானே என்று கண்ணாடிகூடப் போடாமல் போட்டேம்மா என்று எழுதி, அனுப்பப் போன நேரத்தில் ஏதோ உறுத்தியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் கௌசல்யா என்னை நம்பிக் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்வோம் என்று எங்களுக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, அவரு போட்டுட்டாராங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் எழுதியதை அழித்துவிட்டேன். பதில் போடவில்லை. நீ போடு.

அப்பா